சிறு குழந்தைகளோடு பூக்களை ஆராய்வது எப்படி? வகுப்பறை ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பூவைப் பற்றிய பாடம் பல வகுப்புகளில் ஒரே விதமாகத்தான் நடக்கிறது. சுவரில் ஒரு படம் தொங்கும். அதில் புல்லி இதழ், அல்லி இதழ், மகரந்தத்தாள், சூலகம் என்று அம்புக்குறிகள் நீளும். குழந்தைகள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். இரண்டு வாரத்தில் மறந்துவிடுவார்கள். இத்தனைக்கும் ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு செடி பூத்துக்கொண்டுதான் இருக்கும். அதன் பக்கம் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

இங்கே சொல்லப்போவது வேறு வழி. நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகள், ஏறத்தாழ ஆறு வாரத்தில், தாங்களே கேள்வி கேட்டு, பார்த்து, எண்ணி, காத்திருந்து விடை காணும் ஆய்வு இது. இதில் ஆசிரியருக்கு வேலை குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். விடை தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பது, சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம்.

முறை புதிதல்ல. மழலையர் பள்ளி என்ற அமைப்பை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் தொடங்கிய ஃபிரெடரிக் ஃபுரோபெல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே ஒரு சிறு பாத்தி இருக்க வேண்டும் என்றார். பின்னர் லிலியன் காட்ஸ், சில்வியா சார்ட் ஆகிய கல்வியாளர்கள் இருவரும் குழந்தைகளின் ஆய்வை மூன்று கட்டங்களாக வகுத்தார்கள்: தெரிந்ததை வெளியே கொண்டுவந்து கேள்விகளைத் திரட்டுவது, நேரில் ஆராய்வது, கண்டதைப் பிறருக்குச் சொல்வது. கீழே வரும் படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

முன் தயாரிப்பு: எந்தப் பூ?

ஆய்வு நன்றாக அமைவதும் சொதப்புவதும் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது. அழகான பூவைத் தேட வேண்டாம். பெரிய, பாகங்கள் தெளிவாகத் தெரிகிற, நிறையக் கிடைக்கிற பூ வேண்டும். செம்பருத்தியைவிடச் சிறந்த தொடக்கப் பூ எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஐந்து இதழ் கொண்ட ஒற்றைச் செம்பருத்தியாக இருக்க வேண்டும். அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் பல இதழ்களாகவே மாறியிருக்கும். அடுக்கு ரோஜாவும் அப்படித்தான். குழந்தை மகரந்தத்தைத் தேடித் தேடி அலுத்துவிடும்.

இரண்டாவதாக ஒரு பூசணிச் செடி. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூப்பதால் இதைப் போல உதவும் செடி வேறில்லை. விதைத்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் பூக்கத் தொடங்கும் என்பதால், ஆய்வு தொடங்கும்போதே கொடி ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். மூன்றாவதாக, செண்டுமல்லி அல்லது சூரியகாந்தி. காகிதப்பூச் செடி அருகில் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

தவிர்க்க வேண்டியவற்றை ஆசிரியர் முன்கூட்டியே நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, செங்காந்தள் ஆகியவை நஞ்சுள்ளவை. எருக்கின் பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கடுமையாகப் பாதிக்கும். நித்தியகல்யாணியைப் பார்க்கலாம், வரையலாம்; வாயில் வைக்கக் கூடாது. சொல்லப்போனால் எந்தப் பூவையும் வாயில் வைக்கக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும் என்ற விதியை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. யாருக்கேனும் மகரந்தமோ தேனீக் கடியோ ஒவ்வாதா என்று பெற்றோரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. மூன்று முதல் ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும் பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடிகள், வெள்ளைத் தட்டுகள், கறுப்புக் காகிதம், மழுங்கிய இடுக்கி, பென்சில், கோடு போடாத நோட்டு. பத்து மடங்கு பெருக்கும் சிறிய லென்ஸ் சிறு கைகளுக்கு ஒத்துவராது.

படி 1: முதல் நாளே விதையுங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், தொட்டிகளில் பாசிப்பயறு விதைத்துவிடுங்கள். நல்ல வெயில் கிடைத்தால் ஐந்தாறு வாரத்தில் சிறிய மஞ்சள் பூக்கள் வரும். பூ பெரிய கவர்ச்சியாக இருக்காது. ஆனாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும் செடி இது. தேனீ வராத ஜன்னலோரத்திலும் பூ காயாவதைப் பார்க்கலாம். குழந்தை தானே போட்ட விதை என்பதால் தினமும் எட்டிப் பார்க்கும். அதற்காகவே இதைச் செய்யலாம்.

படி 2: நினைவிலிருந்து ஒரு படம்

பூவைக் காட்டாமல், "ஒரு பூவை வரையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லோரும் நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் ஐந்தாறு இதழ், கீழே ஒரு கோடு, இரண்டு இலை என்று வரைவார்கள். திருத்த வேண்டாம். "இந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே படத்தின் பின்புறம் எழுதுங்கள். தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

படி 3: கேள்விகளைத் திரட்டி வகைப்படுத்துதல்

"பூவைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நான்கு பேருக்கு ஒரு தட்டு, அதில் இரண்டு பூ, பத்து நிமிடம். குழந்தைகள் பேசிக்கொள்வதை ஓரமாக இருந்து எழுதுங்கள். கேள்விகள் தானாக விழும்: பூ ராத்திரி தூங்குமா? எறும்பு உள்ளே ஏன் போகிறது? இந்த மஞ்சள் தூள் யார் போட்டது? எல்லாப் பூவுக்கும் ஐந்து இதழா? மணமில்லாத பூவைத் தேனீக்குப் பிடிக்குமா?

சில வகுப்புகளில், இதழைப் பிய்க்கும்போதே ஒரு குழந்தை "பூவுக்கு வலிக்குமா, டீச்சர்?" என்று கேட்கும். சிரித்துக் கடந்துவிடக் கூடாத கேள்வி. தாவரங்களுக்கு நரம்பும் மூளையும் கிடையாது, நமக்கு வலிப்பது அவற்றின் வழியாகத்தான் என்று நேராகச் சொல்லலாம். அதோடு, முடிந்தவரை உதிர்ந்த பூக்களையே எடுப்போம் என்று வகுப்பாகச் சேர்ந்து முடிவெடுக்கலாம்.

திரட்டிய கேள்விகளை மூன்று கூடைகளில் போடுங்கள்: இப்போதே பார்த்துச் சொல்லக்கூடியவை, காத்திருந்து பார்க்க வேண்டியவை, தெரிந்தவரையோ புத்தகத்தையோ கேட்க வேண்டியவை. எது எந்தக் கூடைக்குப் போகும் என்று குழந்தைகளையே வாதிட விடுங்கள். ஆய்வு என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாகப் புரியவைக்க முடியாது. மூன்றாவது கூடை மட்டும் நிரம்பி வழிந்தால், தட்டில் இருக்கும் பூ போதவில்லை என்று பொருள். வேறு பூக்களைக் கொடுங்கள்.

படி 4: வெளியே போய்ப் பார்த்தல்

ஒரே செடியின் முன் பத்து நிமிடம் உட்காருவது, பத்துச் செடிகளைச் சுற்றி வருவதைவிட மேல். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு செடி. மொட்டு, பாதி விரிந்தது, முழுதாக விரிந்தது, வாடியது, பிஞ்சு என ஐந்தையும் அந்த ஒரே செடியில் தேடச் சொல்லுங்கள். வண்டோ தேனீயோ வந்தால் கையை வீசாமல், ஒரு அடி தள்ளி நின்று, அது பூவின் எந்த இடத்தில் உட்காருகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

லென்ஸைப் பிடிக்கவும் இங்கேயே பழக்குங்கள். குழந்தைகள் கையை நீட்டி, லென்ஸைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எல்லாம் மங்கலாகத் தெரியும். லென்ஸை முகத்தருகே வைத்துக்கொண்டு, பூவை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும்.

படி 5: செம்பருத்தியைப் பிரித்துப் பார்த்தல்

இதற்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இருவருக்கு ஒரு பூ, ஒரு வெள்ளைத் தட்டு.

வெளியிலிருந்து தொடங்குங்கள். காம்பு முடியும் இடத்தில் மெல்லிய பச்சைத் துண்டுகள் ஒரு வளையமாக நிற்கும். அதற்கு உள்ளே பச்சைக் கிண்ணம். அதன் விளிம்பில் ஐந்து முனைகள். அதுதான் புல்லி வட்டம். "மொட்டாக இருந்தபோது இந்தக் கிண்ணம் எங்கே இருந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு, ஒரு மொட்டையும் கையில் கொடுங்கள். அது பூவை மூடிக் காத்தது என்று அவர்களே சொல்வார்கள்.

பிறகு இதழ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைக்கட்டும். ஒவ்வொரு இதழின் ஓரமும் அடுத்த இதழின்மேல் ஏறி நிற்பது தெரியும். அடிப்பகுதி விரலில் பிசுபிசுக்கும். சிலருக்கு அது பிடிக்காது, வற்புறுத்த வேண்டாம்.

இதழ்கள் போனபின் நடுவில் ஒரு நீண்ட தண்டு நிற்கும். அதன் மேல்பகுதி முழுவதும் மஞ்சள் மணிகள்: மகரந்தப்பைகள். கறுப்புக் காகிதத்தின்மேல் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். செம்பருத்தியின் மகரந்தத் துகள் பெரியது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கும். சாதாரண லென்ஸிலேயே தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். எத்தனை மகரந்தப்பை என்று எண்ணத் தொடங்கி, பாதியில் குழம்பி, மறுபடி எண்ணுவார்கள். உதவிக்குப் போகாதீர்கள். எண்ணியதை எதிரில் இருப்பவர் சரிபார்க்கட்டும். இரண்டு பேரின் எண் வேறாக வந்தால் என்ன செய்வது என்பதும் ஆய்வின் பாடம்தான்.

தண்டின் நுனியில் வெல்வெட் போன்ற ஐந்து சிறு உருண்டைகள் இருக்கும். இவை சூல்முடிகள். இதுவரை வந்த மகரந்தத் துகளை அதன்மேல் வைத்துப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். கடைசியாக, தண்டின் குழாயை நீளவாக்கில் ஆசிரியர் கீறிக் காட்ட வேண்டும். உள்ளே நூல் போன்ற ஒன்று நுனியிலிருந்து அடிவரை ஓடும். அது முடியும் இடத்தில் பச்சையாக ஒரு சிறு குமிழ்: சூற்பை. அதைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள், அவற்றில் வெள்ளைப் புள்ளிகளாகச் சூல்கள், அதாவது பின்னால் விதையாகக் கூடியவை.

இப்போது தட்டில் இருப்பதையெல்லாம் எண்ணச் சொல்லுங்கள். புல்லி முனை ஐந்து, இதழ் ஐந்து, சூல்முடி ஐந்து, அறை ஐந்து. யாராவது ஒரு குழந்தை "எல்லாமே ஐந்து!" என்று கத்தும். அந்த வரியை நீங்கள் சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே கெட்டுப்போயிற்று.

பெயர்களைச் சொல்லித்தர இதுவே நேரம், அதுவும் தேவைப்படும்போது மட்டும். "அந்தக் குச்சி மேல இருக்கிற உருண்டை" என்று இரண்டு முறை சொல்லித் திணறியவருக்குத்தான் சூல்முடி என்ற சொல் உதவும். நான்கைந்து வயதுக்கு மொட்டு, காம்பு, இதழ், மகரந்தம், விதை போதும். மற்றவை அவர்களைவிடப் பெரிய குழந்தைகளுக்கு.

படி 6: ஏமாற்றும் பூக்கள்

செம்பருத்தியில் எல்லாம் பிடிபட்டுவிட்டது என்று குழந்தைகள் நினைக்கும் நேரத்தில் காகிதப்பூவைக் கொடுங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும் மூன்றும் இதழ் இல்லை. அவை நிறம் மாறிய இலைகள். உண்மையான பூ ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய குழாயாக, வெளிறிய நிறத்தில் நிற்கும். "இதில் பூ எங்கே?" என்ற ஒரு கேள்வியோடு விட்டுவிடுங்கள். மகரந்தம் எங்கே இருக்கிறதோ அதுதான் பூ என்று, படி 5இல் கற்றதை வைத்து, ஆறு ஏழு வயதினர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன்.

அடுத்து செண்டுமல்லி. ஓர் "இதழை" உருவச் சொல்லுங்கள். அதன் அடியில் நீண்ட மெல்லிய விதை போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். ஒவ்வோர் இதழும் தனிப் பூ. நாம் பூ என்று நினைத்தது பூக்களின் கூட்டம். சூரியகாந்தித் தலை ஒன்றில் இப்படி நூற்றுக்கணக்கில், பெரியவற்றில் ஆயிரத்துக்கும் மேல், சிறு பூக்கள் இருக்கும். அவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக மலர்ந்துகொண்டே வரும். தினம் ஒரு புகைப்படம் எடுத்துவைத்தால் இது தெளிவாகத் தெரியும்.

பத்துமணிப் பூ கிடைத்தால், நல்ல வெயிலில் அதன் மகரந்தத்தாள்களை மெல்லிய குச்சியால் தொட்டுப் பார்க்கட்டும். அவை அசையும். அன்று முழுவதும் வகுப்பில் வேறு பேச்சு இருக்காது.

படி 7: நாட்கள் எடுக்கும் இரண்டு ஆய்வுகள்

முதலாவது, மலர்க் கடிகாரம். எந்தப் பூ எந்த நேரத்தில் மலர்கிறது என்பதை வைத்தே மணி சொல்லலாம் என்று 1751இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் எழுதினார். குழந்தைகளுக்கு அந்த வேலையையே கொடுக்கலாம். பெரிய வட்டக் காகிதத்தில் கடிகாரம் வரைந்து, எந்தப் பூ எப்போது விரிந்தது, எப்போது மூடியது என்று ஒட்டிக்கொண்டே வர வேண்டும். பூசணி விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். பத்துமணிப் பூ வெயில் ஏறியபின் விரியும். அந்திமந்தாரை பின்மதியத்தில்தான் விரியும் என்பதால் அதை வீட்டில் பெற்றோரோடு பார்த்துக் குறிக்கும்படி விடலாம். மேகமூட்டமான நாளில் பத்துமணிப் பூ சரியாக விரியாது. அப்போது வரும் கேள்வி அருமையானது: பூ நேரத்தைப் பார்க்கிறதா, வெயிலைப் பார்க்கிறதா?

இரண்டாவது, பூசணியில் உறை போடும் சோதனை. இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஆண் பூ நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். பெண் பூவின் கீழே, பூ விரிவதற்கு முன்பே, கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி இருக்கும். அந்தக் குட்டி வளர என்ன வேண்டும் என்பதே கேள்வி.

மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டுகளை முதல் நாள் மாலையே தேர்ந்தெடுங்கள், நுனி மஞ்சளாகியிருக்கும். சிலவற்றை மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். சிலவற்றைத் திறந்தே விடுங்கள். வேறு சிலவற்றை மூடி, காலையில் திறந்து, அன்று விரிந்த ஆண் பூவின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, மறுபடி மூடுங்கள். தடவுவது குழந்தைகளின் வேலை. மூன்று வகைக்கும் மூன்று நிறக் கயிறு கட்டி, என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்லியதை எழுதி வையுங்கள்.

பூ வாடியபின் பைகளை எடுத்துவிடலாம். சுமார் ஒரு வாரத்தில், மூடியே இருந்த குட்டிப் பூசணிகள் மஞ்சளாகிச் சுருங்கி விழும். மகரந்தம் தடவியவை பருக்கத் தொடங்கும். திறந்து விட்டவற்றில் சில விழலாம். தடவியவற்றிலும் ஒன்று விழலாம். ஆசிரியர்கள் இதைப் பார்த்துப் பதற்றப்படுகிறார்கள். பதற வேண்டியதில்லை. "தேனீ அன்றைக்கு வரவில்லையோ?" என்று ஒரு குழந்தை சொன்னால், பாடப்படம் ஒருபோதும் தராத ஒன்றை அது கண்டுபிடித்துவிட்டது. ஒவ்வொரு வகையிலும் ஒரே பூவோடு நிற்காமல் இரண்டு மூன்று வைப்பது இதற்காகத்தான்.

வெள்ளைப் பூவை நிற நீரில் வைக்கும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். செய்யுங்கள், அழகாக இருக்கும். மறுநாளுக்குள் இதழ் ஓரங்களில் நிறம் ஏறிவிடும். ஆனால் அது தண்டு நீரைக் கடத்துவதைப் பற்றிய பாடம், பூவைப் பற்றியதல்ல. இதழின் நிறத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து ஆறவிடுங்கள். நீல நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். சமையல் சோடா சேர்த்தால் பச்சை கலந்த நீலமாகும்.

படி 8: பதிவு செய்தல்

இதழ் எண்ணிக்கைக் கணக்கெடுப்பை உண்மையான பூக்களைக் கொண்டே வரைபடமாக்கலாம். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எண்ண முடியாதவை என ஐந்து பத்திகள். உலர்ந்த பூவை உரிய பத்தியில் ஒட்டுவது. ஐந்து என்ற பத்தி வேகமாக உயரும். லில்லி வகைகள் மூன்றிலோ ஆறிலோ போய் உட்காரும். காரணம் சொல்ல அவசரப்பட வேண்டாம். உலர்த்துவதற்கு, செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றி, முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

எழுதத் தெரியாத குழந்தை வரையட்டும், சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அவர்கள் சொன்ன வாக்கியத்தைச் செப்பனிடாதீர்கள்.

படி 9: மற்றவர்களுக்குச் சொல்லுதல், மதிப்பிடுதல்

வேறொரு வகுப்பையோ பெற்றோரையோ அழையுங்கள். விளக்கம் முழுவதும் குழந்தைகளுடையது; ஆசிரியர் பின்னால் நிற்க வேண்டும். மனப்பாடம் செய்த உரை வேண்டாம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பூ, ஒரு லென்ஸ், "இதில் மகரந்தம் எங்கே, கண்டுபிடியுங்கள்" என்று விருந்தினரையே வேலை வாங்கும் ஒரு கேள்வி. விடை தெரியாத கேள்வி வந்தால், "இதை இன்னும் பார்க்கவில்லை" என்று சொல்லி, பலகையில் எழுதிக்கொள்ளப் பழக்குங்கள்.

மதிப்பெண் போடத் தேவையில்லை. மறுபடியும் பூவைக் காட்டாமல் ஒரு படம் வரையச் சொல்லி, முதல் நாள் படத்தின் அருகில் வையுங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: நடுவட்டத்துக்குள் இப்போது என்ன இருக்கிறது, எந்தப் பூ என்று அடையாளம் தெரிகிறதா, அதைப் பற்றிக் கேட்டால் "நான் பார்த்தேன்", "நான் எண்ணினேன்" என்று தொடங்கிச் சொல்கிறதா. இரண்டு படங்களையும் குழந்தையின் கோப்பில் சேர்த்து, பலகையில் மிஞ்சிய கேள்விகளின் பட்டியலையும் அதோடு வைத்து அடுத்த ஆண்டு ஆசிரியரிடம் கொடுங்கள். பாசிப்பயறு காய் முற்ற இன்னும் சில வாரமாகும்; தண்ணீர் ஊற்றும் முறையை நிறுத்திவிடாதீர்கள்.